தட்டில் ஒரு பக்கச் சோறு மிச்சம்: மிக்கியை நரம்பியல் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டுமா?

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். எங்கள் பீகிள் நாய் மிக்கிக்கு மூன்றரை வயது, 12 கிலோ. இரண்டரை மாதமாக ஃபிட்ஸ் வருகிறது. பக்கத்து கிளினிக் டாக்டர் கார்டினால் 30 காலையும் இரவும் கொடுக்கச் சொன்னார். கொடுத்ததும் தள்ளாடினான், எந்நேரமும் தூங்கினான், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போனான். பயந்துபோய்ப் பத்து நாளில் நிறுத்திவிட்டோம். நிறுத்திய நான்காம் நாள் ஒரே ராத்திரியில் இரண்டு முறை வந்தது. அது நடந்து 12 நாள் ஆகிறது. இப்போது ராத்திரி மட்டும் பாதி மாத்திரை கொடுக்கிறோம். டாக்டர் நியூரோ ஸ்பெஷலிஸ்டிடம் போகச் சொல்கிறார், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம் என்கிறார். நாய்க்கு எம்.ஆர்.ஐ.யா, இது பணம் பிடுங்கும் வேலை என்கிறார் என் கணவர். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பானா என்று எனக்குப் பயம். ஃபிட்ஸ் வரும்போது மாமியார் சாவிக்கொத்தை அவன் காலுக்கடியில் வைக்கிறார். கீழ்வீட்டுக்காரர் இது வெறிநோய்தான், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். இப்போதெல்லாம் தட்டில் ஒரு பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறான், தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுகிறான், ருசி மாறிப்போச்சு போல என்கிறார் அவர். ஸ்பெஷலிஸ்டிடம் அவசியம் போகத்தான் வேண்டுமா?

பதில்:

போங்கள். முடிந்தால் இந்த வாரமே போங்கள். அவசரப்படுத்துவதற்குக் காரணம் ஃபிட்ஸ் மட்டும் இல்லை, கடிதத்தின் கடைசியில் மாமியார் சொன்னதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தட்டு விஷயம். அதற்கு வருகிறேன். முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்று ராத்திரிக்குள் சரிசெய்ய வேண்டியது.

கார்டினால் என்பது ஃபீனோபார்பிடோன். நாயின் உடம்பில் அந்த மருந்து ஒரு நிலையான அளவுக்கு வந்து சேரவே சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தில் தள்ளாடுவதும், தூங்கி வழிவதும், தண்ணீரைக் குடித்துக் குடித்து வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போவதும் பெரும்பாலான நாய்களுக்கு வரக்கூடியதுதான். தள்ளாட்டமும் தூக்கமும் பழகப் பழகக் குறைந்துவிடும். தாகமும் பசியும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவிடலாம், அதற்கு ஒரு நடை அதிகமாக வெளியே கூட்டிப்போக வேண்டியதுதான். நீங்கள் நிறுத்தியது அந்தக் கஷ்டமான நாட்கள் முடியப்போகிற நேரத்தில். வலிப்புக்கு எதிரான மருந்தை, அதிலும் இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் மூளை ஒரேயடியாகத் தூண்டப்பட்டு அடுத்தடுத்து ஃபிட்ஸ் வரலாம். நான்காம் நாள் ராத்திரி இரண்டு முறை வந்ததில் அதற்குப் பெரிய பங்கு இருந்திருக்கும். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மருந்துச் சீட்டோடு இதையெல்லாம் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்கவே மாட்டீர்கள்.

இப்போது ராத்திரி மட்டும் பாதி மாத்திரை கொடுப்பது எந்தப் பக்கமும் உதவாத அளவு. 12 கிலோ நாய்க்கு 30 மில்லிகிராம் இரண்டு வேளை என்பது கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கணக்கு, ஆரம்பிக்கச் சரியான அளவுதான். உங்கள் டாக்டருக்கு இன்றைக்கே போன் போட்டு, நிறுத்தியதையும் இப்போது பாதி கொடுப்பதையும் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் முழு அளவுக்கு வந்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி, காலை ஏழு என்றால் இரவு ஏழு. இது சீட்டு இல்லாமல் கடையில் தராத மருந்து, அதனால் கடைசி அட்டை தீரும்வரை காத்திருக்காமல் ஒரு வாரத்துக்கான இருப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். தொடர்ந்து கொடுத்து இரண்டு வாரம் ஆனதும் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். மனிதர்களுக்கு ரத்தம் எடுக்கும் பெரிய லேப்களிலேயே இந்தச் சோதனை செய்கிறார்கள். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 15 முதல் 35 மைக்ரோகிராம் வரை எதிர்பார்ப்போம், அதற்கு மேலே போனால் கல்லீரலுக்கு ஆகாது. அப்புறம் மூன்றாம் மாதம், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கல்லீரல் சோதனையோடு சேர்த்து.

சரி, தட்டு.

ருசி மாறியிருந்தால் தட்டைத் திருப்பி வைத்தாலும் சாப்பிடமாட்டான். திருப்பினால் சாப்பிடுகிறான் என்றால் அந்தப் பக்கத்தில் சோறு இருப்பதே அவன் கவனத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். கண் நன்றாக இருந்தும், மூளையின் ஒரு பாதியில் கோளாறு இருந்தால் எதிர்ப்பக்க உலகம் அதற்குப் பதிவாகாமல் போகும். வலது பெருமூளையில் பிரச்சினை என்றால் இடது பக்கம் விடுபடும், இடதில் என்றால் வலது பக்கம். நாய்களிடம் இது முதலில் தெரிவதே பல நேரம் சாப்பாட்டுத் தட்டில்தான். வீட்டில் பகல் முழுவதும் கூட இருக்கிற ஒருவரின் கண்ணில்தான் இது படும், பத்து நிமிடம் டேபிளில் வைத்துப் பார்க்கிற டாக்டருக்குத் தெரியாமலே போகலாம். உங்கள் மாமியார் பெரிய உதவி செய்திருக்கிறார், அதை அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபிட்ஸ் வந்து போன பிறகு சில மணி நேரம், சில சமயம் சில நாள்கூட மூளை களைத்துப்போயிருக்கும். அப்போது கண் தெரியாதது போல முட்டிக்கொள்வது, வட்டமடிப்பது, ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது எல்லாம் தற்காலிகமாக வரலாம். உங்கள் கணக்குப்படி கடைசி ஃபிட்ஸ் முடிந்து 12 நாள் ஆகிவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் இடையில் ஒன்று வந்து போகவில்லை என்றால், இத்தனை நாள் கழித்தும் தட்டில் ஒரு பக்கம் மிச்சமாவதைக் களைப்பு என்று தள்ள முடியாது. அதனால் மாமியாரிடம் இதைக் கேளுங்கள்: எந்தப் பக்கச் சோறு மிச்சமாகிறது, எப்போதும் அதே பக்கம்தானா, கதவு நிலையில் ஏதாவது ஒரு தோளை இடித்துக்கொள்கிறானா, கூப்பிட்டால் எந்தப் பக்கமாகத் திரும்பி வருகிறான், சும்மா இருக்கும்போது ஒரே திசையில் சுற்றுகிறானா, சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்கிறானா, தெரிந்தவர்களிடம் பழகுவதில் ஏதாவது மாறியிருக்கிறதா. அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் அழகுபடுத்த வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. கட்டாயமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். தட்டு விஷயம் இல்லாமல் வெறும் ஃபிட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் என் பதில் கொஞ்சம் வேறாக இருந்திருக்கும். நாய்களுக்கு வரும் வலிப்பில் பெரும்பங்கு, ஸ்கேனில் எதுவும் தெரியாத, பல நேரம் பரம்பரையாக வருகிற எபிலெப்சி. ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் ஆரம்பிக்கும், பீகிள் இனத்தில் அடிக்கடி பார்க்கிறோம், ஒரு ஃபிட்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாய் முழுக்க முழுக்க நன்றாக இருக்கும். சர்வதேச கால்நடை வலிப்பு நோய்ப் பணிக்குழு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வயது அந்த வரம்புக்குள் இருந்து, நடுவில் செய்யும் நரம்புப் பரிசோதனையும் ரத்த, மூத்திரச் சோதனைகளும் சரியாக இருந்தால், ஸ்கேன் இல்லாமலே எபிலெப்சி என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். வயது வரம்புக்கு வெளியே இருந்தாலோ, நடுவிலும் நரம்புக் கோளாறு தெரிந்தாலோ, ஒரே நாளில் பலமுறை வந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ எம்.ஆர்.ஐ.யும் தண்டுவட நீர்ச் சோதனையும் என்கிறார்கள். மிக்கியின் வயது வரம்புக்குள்தான் இருக்கிறது. ஒரே ராத்திரியில் இரண்டு முறை வந்தது மருந்தை நிறுத்தியதால் என்று சமாதானம் சொல்லலாம். அந்தத் தட்டுக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை.

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. தேவையில்லாத ஸ்கேன் எழுதுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நரம்பியல் நிபுணரிடம் போவது என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவது என்று நினைத்துவிட்டார், அது வேறு இது வேறு. நல்ல நிபுணர் ஸ்கேனுக்கு எழுதும் முன் தன் கையாலும் கண்ணாலும் நாயைப் படித்துவிடுவார். தரையில் விட்டு நடக்கவைத்துப் பார்ப்பார். பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வைப்பார், நல்ல நாய் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும், மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருந்தால் பாதிக்கப்பட்ட கால் மட்டும் மடங்கியபடியே நிற்கும். ஒவ்வொரு கண்ணுக்கு எதிராகவும் கையைச் சட்டென்று கொண்டுவந்து இமைக்கிறானா என்று பார்ப்பார், டார்ச் அடித்துக் கண்பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தகராறு கண்ணிலா மூளையிலா என்று பிரியும். மூக்கின் உட்புறத்தை ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பார்ப்பார், ஒரு பக்கம் தொட்டால் சுருக்கென்று தலையை இழுத்து, மறுபக்கம் பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு சேதி. முழங்கால் தட்டல், கழுத்து வலி, முதுகு வலி எல்லாம் பார்த்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. கோளாறு எங்கே என்பதை இப்படிக் கண்டுபிடித்த பிறகுதான் அது என்ன என்று தேட ஸ்கேன். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் எடுக்கும் ஸ்கேன் பாதி வீண்தான். ஆகவே ஸ்கேனுக்குப் பணம் இல்லை என்றாலும் இந்தப் பரிசோதனைக்கு மட்டுமாவது போய்விடுங்கள், வீடு திரும்பும்போது எவ்வளவு அவசரம் என்பதாவது தெரிந்திருக்கும்.

ஸ்கேன் எழுதினால் அது எதற்கு என்று கேளுங்கள். மிக்கி போன்ற இளவயது நாய்க்கு மூளையில் ஒரு பக்கம் கோளாறு என்றால் நான் முதலில் நினைப்பது மூளை அழற்சியை. கிருமி எதுவும் இல்லாமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற வகை ஒன்று உண்டு, அதற்கு ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் கொடுத்தால் பல நாய்கள் நன்றாகத் தேறுகின்றன. கார்டினால் ஃபிட்ஸை மட்டும் அடக்கும், அந்த அழற்சியைத் தொடாது. டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய், உண்ணியால் வரும் காய்ச்சல், பழைய தலையடி, பிறவிக் கோளாறு, அபூர்வமாகக் கட்டி என்று வேறு வாய்ப்புகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, ஒன்றுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு இன்னொன்றைக் கிளறிவிடும். அதனால்தான் ஒன்று சொல்கிறேன், நிபுணர் பார்க்கும் முன் யாராவது போட்டுப் பார்க்கலாம் என்று ஸ்டீராய்டு ஊசி போட வந்தால், உயிர் போகும் அவசரமாக இருந்தாலொழிய, நிபுணரிடம் ஒரு போன் பேசிவிட்டுப் போடச் சொல்லுங்கள். முன்பே போட்டுவிட்டால் ஸ்கேனிலும் தண்டுவட நீரிலும் தெரிய வேண்டியது மங்கிப்போகும்.

அப்புறம் மயக்க மருந்து. நாயை அசையாமல் படு என்று சொல்ல முடியாது, எம்.ஆர்.ஐ. மெஷினின் சத்தத்துக்கு மனிதர்களே மிரளுகிறார்கள், ஆகவே முழு மயக்கம் இல்லாமல் முடியாது. பிரிட்டனில் லட்சத்துக்கு நெருக்கமான நாய்களைப் பார்த்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் ஏறக்குறைய 2000-க்கு ஒன்றும், உடம்பு சரியில்லாத நாய்களில் 75-க்கு ஒன்றும் மயக்கத்தின்போதோ அதையொட்டியோ இறந்தன. அந்த இரண்டாவது கணக்கில் விபத்தில் அடிபட்டவை, வயிறு முறுக்கிக்கொண்டவை எல்லாம் சேர்த்தி. இளவயது, நல்ல இதயம், ஓடியாடுகிற மிக்கி அந்த மோசமான பக்கத்தைச் சேர்ந்தவன் இல்லை, ஆனால் ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அதைக் குறைப்பது முன்னேற்பாடுதான். ரத்த அணுக்கள், சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்திருக்க வேண்டும். பெங்களூரில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை, உண்ணிக் காய்ச்சலில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்துவிடும், தட்டணு குறைந்த நாய்க்குத் தண்டுவட நீர் எடுக்க ஊசி குத்தினால் ரத்தம் கசியும், ஆகவே அந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் யாரையும் ஊசி குத்த விடாதீர்கள். தண்டுவட நீரை ஸ்கேன் முடிந்த கையோடு அதே மயக்கத்தில், பெரும்பாலும் பிடரியில் இருந்து எடுப்பார்கள். ஸ்கேனில் மூளை வீங்கி அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தால் எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது.

பெங்களூரில் யாரிடம் போவது என்று பெயர் சொல்லப்போவதில்லை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கால்நடை நரம்பியலுக்கென்றே வருடக்கணக்கில் பயிற்சியும் தனித் தேர்வும் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் பொது மருத்துவத்திலோ அறுவை சிகிச்சையிலோ எம்.வி.எஸ்சி. மேற்படிப்பு முடித்துவிட்டு நரம்பியலில் ஈடுபாட்டோடு மேலும் பயிற்சி எடுத்தவர்களைத்தான் நியூரோ ஸ்பெஷலிஸ்ட் என்கிறோம். அதில் மிக நல்லவர்களும் இருக்கிறார்கள், பலகை மட்டும் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். எங்கே பயிற்சி எடுத்தீர்கள், ஸ்கேன் படத்தை யார் படிக்கிறார்கள், மெஷினின் காந்த பலம் எத்தனை டெஸ்லா, மயக்கத்தைக் கவனிக்கத் தனியாக ஒரு டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள். பழைய 0.3 டெஸ்லா மெஷினிலும் பெரிய கோளாறு தெரியும், ஆனால் மூளைக்கு 1.5 டெஸ்லா எவ்வளவோ தெளிவு, நேரமும் குறைவு. செலவை மொத்தமாக, மயக்கம், தண்டுவட நீர், லேப், ஒரு நாள் தங்கல் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள், உங்கள் கணவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். தனியார் செலவு தாங்காது என்றால் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் பேராசிரியர்களும் மேற்படிப்பு மாணவர்களும் சேர்ந்து நிதானமாகப் பார்க்கிற இடம். நரம்புப் பரிசோதனையும் ரத்தச் சோதனையும் அங்கே முடிந்தால் அதுவே பெரிய காரியம். ஸ்கேனே எடுக்க முடியாத நிலை என்றாலும் அதை நிபுணரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ரத்தத்திலும் பரிசோதனையிலும் கிடைத்ததை வைத்து எது அதிக வாய்ப்பு என்று கணித்துச் சிகிச்சை கொடுக்கவும் அவர்களுக்குத் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போகும்போது மாமியாரைக் கூட்டிப்போங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். நீங்களும் கணவரும் ஆபீஸில் இருக்கும்போது நடந்ததை அவர்தான் பார்த்திருக்கிறார், நிபுணர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் பதில் இருக்கும். ஃபிட்ஸ் எந்தக் காலில், முகத்தின் எந்தப் பக்கத்தில் இழுக்க ஆரம்பித்தது என்பதே பெரிய தடயம். டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார், அம்மாவுக்குத் தயக்கம் இருக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருந்து அவர் சொல்வதைக் குறைக்காமல் அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். இந்த ஊர் டாக்டர்கள் பலருக்குத் தமிழ் புரியவும் புரியும்.

கூடவே வீடியோ. அடுத்த முறை ஃபிட்ஸ் வந்தால் ஒருவர் நாயைக் கவனிக்க, இன்னொருவர் செல்போனில் முழு உடம்பும் முகமும் தெரியும்படி எடுக்கட்டும். இதயக் கோளாறால் மயங்கி விழுவதும், காது நரம்புப் பிரச்சினையில் தலை சாய்ந்து உருளுவதும், வலியில் விறைப்பதும் பார்ப்பவருக்கு ஃபிட்ஸ் போலவே இருக்கும், வீடியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். சோற்றுத் தட்டையும் ஒரு வீடியோ எடுத்துவையுங்கள், தட்டைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை நிமிடம், தூக்கத்திலா விழித்திருக்கும்போதா, அன்றைக்கு மாத்திரை தவறியதா என்று எழுதிவாருங்கள். பழைய தடுப்பூசிப் புத்தகம், ரத்த ரிப்போர்ட், மருந்து அட்டை, கடைசி மூன்று மாதத்தில் உண்ணிக்குப் போட்ட மருந்தின் பெயர். ஐசாக்ஸாசோலின் வகை உண்ணி மாத்திரைகளை வலிப்பு உள்ள நாய்களுக்குக் கவனத்தோடுதான் கொடுக்க வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

சாவிக்கொத்தை எடுத்து வைத்துவிடுங்கள். இரும்பைத் தொட்டதால் ஃபிட்ஸ் நிற்பதில்லை, பெரும்பாலான ஃபிட்ஸ் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், நாம் சாவி தேடி எடுத்துவரும் நேரத்துக்கு அது சரியாகப் போய்விடுகிறது. அம்மாவிடம் சண்டை வேண்டாம், அவர் கையில் சாவிக்குப் பதிலாகக் கடிகாரத்தைக் கொடுங்கள், நேரம் பார்க்கும் பொறுப்பு அவருடையது. நாக்கை விழுங்கிவிடுவான் என்று வாய்க்குள் கையோ கரண்டியோ விடக் கூடாது, நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும். தண்ணீர் ஊற்றக் கூடாது. நாற்காலி, மேஜைக் கால், மாடிப்படி பக்கத்தில் இருந்தால் நகர்த்தி, விளக்கைக் குறைத்து, ஃபேனைப் போட்டுவிடுங்கள், நீண்ட ஃபிட்ஸில் உடம்பு கொதித்துவிடும். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இருக்கிறது, குழந்தைகளுக்கு விற்பதுதான். மிக்கியின் எடைக்கு எத்தனை முறை அடிக்கலாம், எப்போது அடிக்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மலவாயில் வைக்கும் டயஸிபாமைவிட அது நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களுக்கான வலிப்பு சிரப் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சில சிரப்புகளில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்த்திருப்பார்கள், அது நாயின் ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும்.

கீழ்வீட்டுக்காரருக்கு இப்படிச் சொல்லுங்கள். வெறிநோய் வந்த நாய் அறிகுறி தெரிந்த பிறகு பத்து நாளைத் தாண்டுவதில்லை, கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதே அதனால்தான். இரண்டரை மாதமாக ஃபிட்ஸ் வந்து, நடுவில் சாப்பிட்டு, விளையாடி, வாலாட்டுகிற நாய்க்கு வெறிநோய் இல்லை. தடுப்பூசி புத்தகத்தையும் காட்டுங்கள், இந்த வருட ஊசி பாக்கி இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் வரை போனால், வளர்ப்பு நாய்க்குத் தடை போட சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தெருவில் கொண்டு விடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக மாத்திரை நின்ற சில நாளிலேயே அவன் ரோட்டில் ஃபிட்ஸ் வந்து விழுந்துவிடலாம்.

மருந்து எவ்வளவு நாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். எபிலெப்சி என்று முடிவானால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. ஃபிட்ஸ் சுத்தமாக நிற்கும் நாய்களும் உண்டு, பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ள வேண்டிய நாய்களும் உண்டு, ஒரு மருந்து போதாமல் பொட்டாசியம் புரோமைடு, லெவிடிராசிட்டம் என்று சேர்க்க வேண்டியவையும் உண்டு. அழற்சி என்று வந்தால் முதல் சில வாரங்கள் கடினம், அடிக்கடி அலைய வேண்டியிருக்கும், ஆனால் சீக்கிரம் பிடித்த நாய்களுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மிக்கியைச் சீக்கிரம் பிடித்தாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

போகிற நாளுக்குக் காலை முதல் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், அவுட்டர் ரிங் ரோட்டில் ஒன்பது மணிக்கு மேல் மாட்டிக்கொண்டால் அவனுக்கு வெயிலும் பதற்றமும் சேரும். ஸ்கேன் எடுக்கிற நாள் என்றால் முன்ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், காலை மாத்திரையை அதற்காகத் தவறவிடக் கூடாது, ஒரு வாய் உணவில் மடித்துக் கொடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். காரில் ஒருவர் அவனோடு பின்சீட்டில் உட்காரட்டும், வாய்க்கூடு போட வேண்டாம், வழியில் ஃபிட்ஸ் வந்தால் மூச்சுக்குத் திணறுவான்.

அதற்குள் ஒரு ஃபிட்ஸ் ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது வந்தாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது தொடங்கினாலோ, சுற்றுவதை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதியை மறந்துவிட்டு நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் 24 மணி நேரமும் டாக்டர் இருக்கிற கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே போன் போட்டு விசாரித்து, ராத்திரியில் ஆக்சிஜனும் நரம்பில் போடும் வலிப்பு மருந்தும் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த நம்பரை வீட்டில் மூன்று பேர் போனிலும் போட்டு வையுங்கள், மாமியார் போனில் முதலில்.